மூன்றாவது குத்து

அரூர் அரசு மருத்துவமனை. இரவு இரண்டேகால்.
சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்த குழந்தை.
ஏழு மாதம். மூன்று நாள் பேதி.
கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது.
அழுதது,
கண்ணீர்தான் வரவில்லை.

மனசைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு
வார்டுக்குள் வா என்று
பயிற்சிப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.
பதினொரு வருடமாக விட்டுவிட்டுத்தான் வருகிறேன்.
சில விடியல்களில்
செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு
வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

முதல் குத்து அப்படிப்பட்ட கை.
நடுக்கமில்லை. கோணம் சரி. இடம் சரி.
நரம்பு மட்டும் அங்கே இல்லை.
என் கை புத்தகத்தைக் கேட்டது,
குழந்தையைக் கேட்கவில்லை.

"மதியமே கெளம்பிட்டோங்க" என்றான் தீர்த்தகிரி.
"ஜீப்பு பாதி எறக்கத்துல நின்னுபோச்சு."
ஜீப்பின் மேல் கோபம். ரோட்டின் மேல்.
மூன்று நாள் காத்திருந்த இவன் மேல்,
இவனைக் காத்திருக்க வைத்த எல்லாவற்றின் மேலும்.
கோபத்துக்குக் கண் உண்டு.
புறங்கையில் ஒரு நீலக்கோட்டை அதுதான் காட்டியது.
ஆனால் அதன் கை கனம்.
நரம்பு உடைந்து
நாவற்பழம் நசுங்கியதுபோல் வீங்கியது.

போனில் டாக்டர்:
"பதற்றப்படாதீங்க சிஸ்டர்.
இன்னொரு தடவ பாருங்க. நான் வந்துட்டே இருக்கேன்.
கெடைக்கலேன்னா எலும்புல போட்டு
தருமபுரிக்கு அனுப்பிடலாம்."

பதற்றப்படாமல் எப்படி இருப்பது?
அடிவயிற்றில் தொடங்கி
பிடரிக்கு ஏறிவிட்டது பயம்.
மின்விசிறியின் கடகடப்பு பெரிதாகக் கேட்டது.
டியூப்லைட்டின் ரீங்காரம்,
எங்கோ ஒரு சொட்டும் குழாய்,
எல்லாம் ஒரே நேரத்தில்.
பிறகு ஒவ்வொன்றாக
எழுந்து வெளியே போனது.

சின்னப்பிள்ளை குழந்தையின் காலைப் பிடித்திருந்தாள்.
அழுகை கேட்டு
அவளைக் கேட்காமலே
ரவிக்கை இரண்டு வட்டமாய் நனைந்திருந்தது.
அவள் அதைக் கவனிக்கவில்லை.
நான் கவனித்தேன்.

இடது கையுறையைக் கழற்றினேன். விதிப்படி தவறு.
பயத்தைத் துரத்தவில்லை.
இருந்துகொள், பேசாதே,
விரல்நுனியில் போய் உட்கார் என்றேன்.
உட்கார்ந்தது.

உள்ளங்கைக்கு அடியில் டார்ச் பிடித்தாள் ஆயா.
பிஞ்சுக் கை மாதுளைபோல் உள்ளே எரிந்தது.
அதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.
மணிக்கட்டின் ஓரம்,
அழுத்தினால் அமுங்கி
விட்டால் எழும் ஒன்று.
ஈர நூலளவு. அதற்கும் மெலிது.
இருக்கிறேன் என்றது.
அல்லது
இருக்கவேண்டும் என்று நான் நினைத்ததா?
அந்தச் சந்தேகத்தோடேதான் ஊசியை எடுத்தேன்.

தோலின் சின்ன எதிர்ப்பு.
பிறகு அதைவிடச் சின்னதாக ஒன்று,
ஊறிய பயறின் தோல்
நகத்தில் நழுவுவதுபோல.
கண்ணைத் திறந்தேன்.
ஊசியின் அடியில் சிவப்பாய் ஒரு துளி,
பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு
எட்டிப் பார்ப்பதுபோல.

பிளாஸ்டர் ஒட்டி, சலைன் ஓடி,
சொட்டுகளை எண்ணிச் சரிசெய்து முடிக்கும்வரை
சும்மா இருந்த கை
பேனாவை எடுத்ததும் நடுங்கத் தொடங்கியது.
"மூன்றாம் முயற்சியில் ஏற்றப்பட்டது. மணி 2.41."
பதிவேட்டில் வேறெதற்கும் கட்டமில்லை.

டாக்டர் வந்தார், பார்த்தார்,
தலையசைத்துவிட்டுப் பிரசவ வார்டுக்கு ஓடினார்.
ஐந்தரைக்குத் தீர்த்தமலைப் பக்கம் வெளுத்தது.
சின்னப்பிள்ளை முகம் கழுவப் போக
குழந்தையைச் சற்று மடியில் வாங்கினேன்.
கண் திறந்தது. என்னைப் பிடிக்கவில்லை போல.
அப்போது, வெள்ளைச் சீருடையைத் தாண்டி
தொடைவரை
வெதுவெதுப்பாக.

திரும்பிவந்த டாக்டர் வாசலிலேயே கேட்டார்:
"யூரின் போச்சா சிஸ்டர்? எவ்ளோ?"

"அளக்க முடியலை சார்.
எனக்குச் சுடுற அளவு."